தடைக்கால வாலிபாலும் ஊர்ப்பாட்டும்: கவலைச் செய்திகளுக்கு நடுவே நடத்துவதா, நிறுத்துவதா?

கேள்வி: வடகடல், தங்கச்சிமடம்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் இளைஞர்களுக்குள் எழுந்திருக்கும் ஒரு வழக்கை இங்கே வைக்கிறேன். பெரியவர்களும் அனுபவப்பட்டவர்களும் தங்கள் கருத்தைச் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பது இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரிந்ததே. விசைப்படகுகள் நங்கூரத்தில் கிடக்கும் இந்த நாட்களில், பகலில் படகுக்கு வர்ணம் அடிப்பதும் எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பதும் கிழிந்த வலையைச் சரிசெய்வதுமாகப் பொழுது போய்விடும். சாயங்காலமானால் கடற்கரை மணலில் வாலிபால் தொடங்கிவிடும். சவுக்குக் கம்பு இரண்டு நட்டு, கோலமாவால் கோடு போட்டு, சுற்றுவட்டார ஊர் அணிகளை அழைத்து ஆண்டுதோறும் ஒரு போட்டி நடத்துகிறோம். ஆட்டம் முடிந்தபின் மக்கள் கலையாமல் உட்கார்ந்திருப்பார்கள். கோயில் பேண்டு வாத்தியக்காரர்கள் வாசிப்பார்கள், பக்கத்து ஊரிலிருந்து ஒயிலாட்டக்காரர்கள் வருவார்கள், வயதானவர்கள் யாராவது கரைவலை இழுத்த காலத்து அம்பாப் பாட்டை எடுத்துவிடுவார்கள். வெளியூரில் கட்டிக்கொடுத்த பெண்கள்கூட அந்த வாரத்துக்கென்று பிள்ளைகளோடு வந்துவிடுவதுண்டு.

இந்த ஆண்டு நிலைமை வேறாக இருக்கிறது. தடைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் எங்கள் ஊர்ப் படகுகள் எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு, அதில் போனவர்கள் அக்கரையில் இலங்கைச் சிறையில் இருக்கிறார்கள். படகும் வரவில்லை, ஆளும் வரவில்லை. இது போதாதென்று, கைப்பேசியைத் திறந்தால் உலகத்தில் எங்கோ நடக்கும் போர், குண்டு, எரிபொருள் விலை, வளைகுடா நாடுகளில் இருக்கும் நம் ஆட்கள் என்ன ஆவார்களோ என்ற பேச்சு. காலையில் எழுந்ததும் வாட்ஸ்அப்பில் இவற்றைப் படித்துவிட்டுத்தான் பல் துலக்குகிறோம் என்று சொன்னால் மிகையாகாது.

போட்டி பற்றிப் பேசக் கூடியபோது கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. நாலு வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரியாதபோது மைக் செட் கட்டிப் பாட்டுப் பாடுவது முறையா என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. இளைஞர்கள் தரப்பிலோ, தடைக்கால நிவாரணமாக அரசு தரும் 8,000 ரூபாயில் இரண்டு மாதம் ஓட்டும் வீடுகளில் இந்த ஒரு வாரம்தான் சிரிப்புச் சத்தம் கேட்கிறது, அதையும் எடுத்துவிட்டால் பையன்கள் சாராயக் கடை வாசலில்தான் நிற்பார்கள் என்கிறார்கள். இருவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. நடத்துவதா, நிறுத்துவதா? நடத்தினால் எப்படி நடத்துவது? செய்திகள் மனத்தை இப்படி அரிக்கும்போது நீங்கள் எல்லோரும் எப்படி மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள் என்பதையும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற ஆசிரியர், தேவிபட்டினம்

தம்பிக்கு வணக்கம். ஊர்ப் பெரியவர் கேட்டது சரியான கேள்வி. ஆனால் அதை அவர் கூட்டத்தில் கேட்டார் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. அந்த நாலு வீட்டாரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்களா? இருந்திருந்தாலும் வாய் திறந்து சொல்லியிருப்பார்களா? அவர்கள் பெயரைச் சொல்லி மற்றவர்கள் முடிவெடுப்பது நம் ஊர்களில் நெடுநாள் பழக்கம். முதலில் வீட்டுக்கு வீடு போய்க் கேளுங்கள். நீங்கள் போவதைவிட உங்கள் அம்மாவையோ அத்தையையோ அனுப்புவது நல்லது. பெண்கள் அடுப்படியில் உட்கார்ந்து பேசும்போது வெளிவரும் உண்மை, வாசலில் நிற்கும் இளைஞர்களிடம் வெளிவராது.

துயரக் காலத்தில் பாட்டு ஆகாது என்பது இந்தக் கரையின் வழக்கமாக என்றைக்கும் இருந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அம்பாப் பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கரைவலையின் இரண்டு கயிற்றையும் பிடித்துக்கொண்டு இரண்டு வரிசை ஆட்கள் மணலில் குதிகாலை ஊன்றிப் பின்னால் சாய்ந்து இழுக்கும்போது, ஒருவர் அடி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் ஏலேலோ என்று வாங்கிப் பாடுவார்கள். வலையில் மீன் இருக்கிறதா இல்லையா என்பது மீன் சேரும் பையான மடி கரைக்கு வரும்வரை யாருக்கும் தெரியாது. மடி வெறுமையாக வந்த நாளிலும் அடுத்த முறை வலை இழுக்கும்போது அதே பாட்டைத்தான் பாடினார்கள். அந்தப் பாட்டின் அடிகளில் கடவுள் பெயரும் இருக்கும், கடன்காரன் பெயரும் இருக்கும், கேலியும் இருக்கும். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல் தனுஷ்கோடியை அழித்து, பாம்பனிலிருந்து போன ரயிலையும் ஆட்களோடு கொண்டுபோனது. அந்த ஊர் வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்த பிறகும், அதே மணலில் இன்றுவரை குடிசை போட்டுக் கரைவலை இழுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வாய்மூடி வலை இழுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இன்னொன்று. என் தலைமுறைக்குத் திரைப்பாட்டு என்றால் இலங்கை வானொலிதான். திருச்சி நிலையத்தைவிட இலங்கை நிலையம் நம் கரையில் துல்லியமாகக் கேட்கும். தேநீர்க் கடைகளில் அதுதான் ஓடும். 1974 ஒப்பந்தத்தில் கச்சத்தீவு போன பிறகும், அதற்குப் பிறகு அங்கே நடந்த போர்க்காலத்திலும், படகில் ஏறி அகதிகள் மண்டபத்துக்கு வந்துகொண்டிருந்த நாட்களிலும் நாங்கள் அந்த நிலையத்தைத் திருப்பி வைத்துக்கொண்டுதான் இருந்தோம். முதலில் செய்தியைக் கேட்போம், மனம் கனத்துப்போகும். பிறகு பாட்டைக் கேட்போம். இரண்டும் ஒரே பெட்டியிலிருந்து வந்தன.

எனவே நடத்துங்கள் என்பதே என் எண்ணம். கேட்டுவிட்டு நடத்துங்கள்.

மறுமொழி 2: தொண்டிக் கரை வாசகர்

ஆசிரியர் ஐயா சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் இப்போது நம் ஊர்களில் நடப்பது அவர் சொல்லும் அம்பாப் பாட்டு இல்லை. எங்கள் பக்கம் நடந்த ஒரு போட்டிக்குப் போயிருந்தேன். மைதானத்தைச் சுற்றி ஆளுயர பிளெக்ஸ். ஒவ்வொன்றிலும் பரிசு வழங்குபவரின் படம். இறுதி ஆட்டம் தொடங்கும் முன் ஒரு மணி நேரத்துக்கு மேல் பொன்னாடை போர்த்தினார்கள். ஆட்டக்காரப் பையன்கள் உடம்பு சூடாறி உட்கார்ந்துவிட்டார்கள். பாட்டு என்ற பெயரில் நெஞ்சு அதிரும் ஒலிபெருக்கி; பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. அதை ஊர்மகிழ்ச்சி என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முதல் பரிசு பெருந்தொகை என்றால் வெளியூரிலிருந்து காசுக்கு ஆள் இறக்குகிறார்கள். சொந்த ஊர்ப் பையன் கோட்டுக்கு வெளியே நின்று பந்து பொறுக்குகிறான்.

உங்கள் ஊர்ப் பெரியவருக்கு வந்த எரிச்சல் ஆட்டத்தின்மேல் வந்ததா, இந்த ஆடம்பரத்தின்மேல் வந்ததா என்று விசாரித்துப் பாருங்கள்.

மற்றொன்றையும் சொல்லிவிடுகிறேன்; சிலருக்குக் கசக்கலாம். சிறையில் இருப்பவர்களுக்காக வருந்தும் நாம், அக்கரையில் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் இருக்கும் சிறு மீனவர்கள், நம் விசைப்படகுகள் கடலடியில் இழுத்துச் செல்லும் இழுவைமடி வலைகளால் தங்கள் வலை அறுந்து நிற்பதைப் பற்றி மூச்சுவிடுவதில்லை. அவர்களும் தமிழர்கள்தான்; முப்பது ஆண்டுப் போரில் கடலுக்கே போக முடியாமல் கிடந்து, பிறகு வாங்கிய வலை அது. 2017இல் இலங்கை இழுவைமடித் தொழிலையே சட்டம் போட்டுத் தடுத்தது. கவலைதரும் செய்தி என்று நாம் சொல்வதில் பாதி, நாமும் சேர்ந்து உண்டாக்கியது. செய்தியை மறப்பதற்காக ஆட்டம் நடத்தினால் இந்தப் பாதியும் சேர்ந்து மறந்துபோகும். மறக்காமல் ஆட முடியுமானால் ஆடுங்கள்.

மறுமொழி 3: மண்டபத்துக்காரர், இப்போது பென்சில்வேனியா

மண்டபம் முகாமுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவன். பிழைப்புக்காக அமெரிக்காவில் ஆலன்டவுன் என்ற ஊரில் இருக்கிறேன். நீங்கள் கேட்ட கேள்வியையே இந்த ஊர்க்காரர்களும் தங்களுக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதால் எழுதுகிறேன்.

இங்கே கோடை என்றால் பேஸ்பால். நம் ஆட்களுக்குக் கிரிக்கெட்டின் உறவுக்காரன் போலத் தோன்றும் ஆட்டம். அணிக்கு ஒன்பது பேர், ஒன்பது இன்னிங்ஸ், மூன்று பேர் அவுட்டானால் மட்டை எதிரணிக்குப் போகும். முதல்நிலை அணிகள் மார்ச் இறுதியிலிருந்து செப்டம்பர் முடியும்வரை அணிக்கு 162 ஆட்டம் ஆடுகின்றன, அதாவது கோடையில் ஏறக்குறைய தினமும் ஆட்டம் உண்டு. நேற்றுத் தோற்றதைப் பற்றி அழுதுகொண்டிருக்க நேரமில்லை. இன்று மாலை மறுபடி ஆட்டம். எனக்கு இந்த ஆட்டத்தில் பிடித்ததே அந்தச் சாதாரணத்தன்மைதான். முதல்நிலைக்கு அடுத்த படியில் ஆடும் அயர்ன்பிக்ஸ் என்ற அணி 2008 முதல் எங்கள் ஊரில் இருக்கிறது. வேலை முடிந்து குழந்தைகளோடு போய் உட்கார்ந்தால், முக்கால்வாசி நேரம் மைதானத்தில் ஒன்றும் நடக்காது. பந்து எறிபவர் தொப்பியைச் சரிசெய்வார், மட்டை பிடிப்பவர் மண்ணைக் காலால் கிளறுவார். அந்த இடைவெளியில்தான் பக்கத்து இருக்கைக்காரர் தம் மகன் ராணுவத்தில் எங்கே இருக்கிறான் என்று சொல்வார், நான் என் தந்தையின் உடல்நிலையைச் சொல்வேன். ஏழாவது இன்னிங்ஸின் நடுவில் மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று ஒரே பாட்டைப் பாடும். குரல் நன்றாக இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

ஊர் பேண்டும் அப்படித்தான். ஆலன்டவுன் பேண்டு 1828 முதலே இருந்ததற்குச் சான்று உண்டு. கோடை மாலைகளில் வெஸ்ட் பார்க் என்ற பூங்காவில் வாசிப்பார்கள். மக்கள் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்வார்கள். 1828 என்றால் இந்த நாட்டின் உள்நாட்டுப் போரும் இரண்டு உலகப் போர்களும் அதற்குப் பிறகு வந்தவை. இங்கிருக்கும் முதியவர்கள் அதைப் பெருமையாகச் சொல்வார்கள்.

நடத்துவதா நிறுத்துவதா என்ற கேள்விக்கு வருகிறேன். 1941 டிசம்பரில் அமெரிக்கா போரில் இறங்கியதும், பேஸ்பாலை நிறுத்திவிடலாமா என்று அந்த ஆட்டத்தின் ஆணையர் லாண்டிஸ் அதிபர் ரூஸ்வெல்ட்டைக் கேட்டார். 1942 ஜனவரி 15 அன்று ரூஸ்வெல்ட் பதில் எழுதினார். நாட்டு நலனுக்கு ஆட்டம் தொடர்வதே நல்லது, எல்லோரும் முன்னைவிட அதிக நேரம் கடுமையாக உழைக்கப்போகிறார்கள், ஆகவே அவர்களுக்கு வேலையை மறந்து ஓய்வெடுக்க முன்னைவிட அதிக வாய்ப்பு வேண்டும் என்பது அதன் சாரம். பகல் வேலைக்காரர்களும் பார்க்கும்படி இரவு ஆட்டங்களைக் கூட்டலாம் என்றும் எழுதினார். அதே கடிதத்தில், வயது வந்த ஆட்டக்காரர்கள் படைக்குப் போவதற்கு ஆட்டம் காரணமாகத் தடை இருக்கக் கூடாது என்பதும் தெளிவாக இருந்தது. அப்படியே முதல்நிலை ஆட்டக்காரர்கள் நூற்றுக்கணக்கில் படையில் சேர்ந்தார்கள். தொண்டி நண்பர் கேட்டதற்கு இதுவே என் பதில். போரை மறைக்க ஆடிய ஆட்டமாக அது இருந்திருந்தால் ஆட்டக்காரர்களை ஆட்டத்திலேயே வைத்துக்கொண்டிருப்பார்கள்.

நிறுத்தியதும் உண்டு. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு ஆட்டங்களை நிறுத்தி, 17ஆம் தேதிதான் மறுபடி தொடங்கினார்கள். அந்த நாட்களில் நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தின் வண்டி நிறுத்துமிடம் நிவாரணப் பொருட்கள் வந்து குவியும் இடமாக இருந்தது. ஆட்டக்காரர்களும் பெட்டிகளைத் தூக்கி அடுக்கினார்கள். செப்டம்பர் 21 அன்று அதே மைதானத்தில் ஆட்டம் நடந்தது. முதலில் பெட்டி, பிறகு பந்து என்ற அந்த வரிசை எனக்கு முக்கியமாகப் படுகிறது. உங்கள் மணலிலும் அந்த வரிசையை வைத்துக்கொள்ள முடியும் என்று நினைக்கிறேன். போட்டிக்கு அணிகள் கட்டும் நுழைவுத்தொகையை முதல் நாளே எண்ணி, சிறைப்பட்டவர்களின் வீடுகளுக்குக் கொடுத்துவிட்டு ஆட்டத்தைத் தொடங்கலாம் அல்லவா? பரிசு ஒரு கோப்பை போதும்.

மறுமொழி 4: தென்கடல் பெண், பாம்பன்

தம்பி, உங்கள் கேள்வியை என் மகள் படித்துக் காட்டினாள். நான் சொல்ல அவள் தட்டச்சு செய்கிறாள்.

என் வீட்டுக்காரரும் முன்பு பிடிபட்டு அக்கரையில் இருந்துவிட்டு வந்தவர்தான். அந்த மாதங்களில் என்னை வருத்தியது எது என்று கேட்டால், பாட்டுச் சத்தம் இல்லை. நான் குழாயடிக்குப் போனால் பேச்சு நின்றுவிடும். கடையில் கூட்டம் இருந்தால் எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பார்கள், ஏதோ என் வீட்டில் சாவு விழுந்ததுபோல. எங்கள் தெருவில் ஒரு காதுகுத்து நடந்தது; மனசு கஷ்டப்படுவாள் என்று எனக்குச் சொல்லவே இல்லை. மைக்கில் பாட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள், எனக்குத் தெரியும். ஆனால் பிள்ளைகள் ஏன் நம்மைக் கூப்பிடவில்லை என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. ஆசிரியர் ஐயா சொன்னது மெய். வந்து கேளுங்கள். கேட்டுவிட்டு, வாருங்கள் என்றும் சொல்லுங்கள். வருவதும் வராததும் அந்த வீட்டுப் பெண்ணின் விருப்பம். என்னைப் போல ஒருத்தி வருவாள். இன்னொருத்திக்கு அந்தச் சத்தமே ஆகாமல் இருக்கலாம். அப்படிப்பட்டவள் தெருவில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டாதீர்கள். அவ்வளவுதான்.

செய்தியைப் பற்றிக் கேட்டீர்கள். அந்த நாட்களில் வாட்ஸ்அப் என்னைத் தின்றுவிட்டது. நாளை விடுதலை என்று ஒருவர் போடுவார், மறுநாள் காவல் நீட்டிப்பு என்று இன்னொருவர் போடுவார், போன ஆண்டுப் படத்தை எடுத்து இன்றைக்கு அடித்தார்கள் என்று மூன்றாமவர் போடுவார். ராத்திரி இரண்டு மணிக்கு விழித்து அதைப் பார்ப்பேன். பிறகு எங்கே தூங்குவது. கடைசியில் எங்கள் சங்கத்தில் ஒரு வழி செய்தார்கள். மீன்வளத் துறையிலும் வழக்கறிஞரிடமும் பேசுவதற்கு ஒருவரை மட்டும் வைத்தார்கள். அவர் சாயங்காலம் ஒரு முறை வந்து என்ன தெரிந்ததோ அதைச் சொல்வார்; தெரியாததைத் தெரியாது என்பார். அதன் பிறகு நான் பகலில் கைப்பேசியை எடுப்பதைக் குறைத்துக்கொண்டேன். கடல்பாசி எடுக்கப் போகும்போது அதை வீட்டிலேயே வைத்துவிடுவேன்.

பாசிக்குப் போகும் நாங்கள் பாடுவோம் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று தெரியவில்லை. கண்ணாடி மாட்டிக்கொண்டு, விரலில் துணி சுற்றிக்கொண்டு, தண்ணீருக்குள் மூழ்கிப் பாறையிலிருந்து பாசியைப் பிடுங்கி இடுப்புப் பையில் போட வேண்டும். தண்ணீருக்குள் யாரும் பாட முடியாது. மேலே வந்து மூச்சு வாங்கிய பிறகு, வள்ளத்தில் ஏறித் திரும்பும்போது பாடுவோம். சாதாரணமாக மாதா பாட்டு, சினிமாப் பாட்டு, இல்லையென்றால் முளைப்பாரி எடுக்கும் முளைக்கொட்டுத் திருவிழாவில் பாடும் கும்மிப் பாட்டு. ஒருத்திக்குத் தெரிந்ததை எல்லோரும் பிடித்துக்கொள்வோம். என் வீட்டுக்காரர் உள்ளே இருந்தபோதும் பாடினேன். ஒரு மாதிரி குற்றமாக இருந்தது. பாடாத நாளில் கை இன்னும் வேகமாக விறைத்தது.

பாம்பனில் 2016 முதல் ஒலிக்கும் கடல் ஓசை 90.4 வானொலியில் காற்று, அலை நிலவரமும் சொல்கிறார்கள், பாட்டும் போடுகிறார்கள். கைப்பேசித் திரையைப் பார்ப்பதற்குப் பதிலாக அதை ஓடவிட்டுவிட்டு வேலை பார்க்கலாம். வேண்டிய செய்தி வந்துவிடும்.

கடைசியாக ஒன்று. உங்கள் போட்டியில் பெண்பிள்ளைகளுக்கு ஆட்டம் உண்டா? நீங்கள் எழுதியதில் அது இல்லை. என் மகள் பள்ளியில் நன்றாகக் கபடி ஆடுகிறாள். விடுமுறையில் அவளுக்குக் கரையில் இடம் இல்லை. தண்ணீர்க் குடம்தான் இருக்கிறது.

மறுமொழி 5: கீழக்கரைக்காரர்

பாம்பன் அக்கா சொன்னதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை. நடைமுறைக்காக மட்டும் சில வரிகள். இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கி வைக்கச் சட்டப்படி அனுமதியில்லை; மணலில் உட்கார்ந்து பாடுவதற்கு ஒலிபெருக்கியே தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். எங்களூரில் தப்ஸ் என்னும் கைப்பறை அடித்துப் பாடும் குழு ஒன்று இருக்கிறது. ஏர்வாடி சந்தனக்கூட்டுக்கு எல்லா மதத்தவரும் வந்து நிற்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள். மேடை, மைக் எதிர்பார்க்க மாட்டார்கள். அழைத்தால் இரவு இஷா தொழுகை முடித்துவிட்டுக் கிளம்பி வருவார்கள். தங்கச்சிமடம் வந்துசேர ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகும் என்பதால், அன்றைய ஆட்டத்தைச் சற்றுத் தாமதமாகத் தொடங்கினால் கடைசியில் ஒரு அரை மணி நேரம் தப்ஸ் அடிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை: மே கடைசியில் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வலுத்துவிடும். உயரத் தூக்கிய பந்து எங்கே இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. போட்டியை அதற்குமுன் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்: வடகடல், தங்கச்சிமடம்

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. ஆசிரியர் ஐயா சொன்னபடி என் அம்மாவும் சித்தியும் அந்த வீடுகளுக்குப் போய்வந்தார்கள். ஒரு வீட்டில், பையன் அணியில் ஆடுகிறான், அவனை ஏன் நிறுத்துகிறீர்கள் என்றே கேட்டிருக்கிறார்கள். இன்னொரு வீட்டுப் பாட்டி, என் மகன் வரும்வரை எனக்கு ஒன்றும் வேண்டாம், நீங்கள் செய்வதைச் செய்யுங்கள், என் வாசலில் மட்டும் சத்தம் வேண்டாம் என்றாராம். அவர் வீடு கரையை ஒட்டி இருப்பதால், ஆடுகளத்தைப் பழைய இடத்திலிருந்து மாற்றி, ஐஸ் பிளாண்டுக்கு அந்தப் பக்கம் போடுவதாக முடிவு செய்திருக்கிறோம். அங்கே மணல் சற்று இறுகியிருக்கும். விழுந்தால் முழங்கால் தேயும், பரவாயில்லை.

ஊர்ப் பெரியவரிடமும் போனேன். தொண்டி நண்பர் ஊகித்தது ஓரளவு சரிதான். பிளெக்ஸும் பொன்னாடையும் இல்லையென்றால் எனக்கு என்ன வந்தது என்றார். நுழைவுத்தொகையை முதல் நாளே அந்த வீடுகளுக்குக் கொடுப்பது என்ற மண்டபத்து அண்ணனின் யோசனையைச் சொன்னதும், அதை ஆட்டத்துக்கு முன் மைக்கில் அறிவிக்காமல் இரவில் கொண்டுபோய்க் கொடுங்கள் என்று திருத்தினார். அணிகள் எல்லாம் இதற்குச் சம்மதித்துவிட்டன, ஒரே ஒரு வெளியூர் அணி தவிர. பரிசுத்தொகை இல்லையென்றால் வர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் நல்ல அணி. அவர்களில் உயரமான பையன் ஒருவன் வலைக்குமேல் இடுப்புவரை எழும்பி அடிப்பதைப் பார்க்கவே கூட்டம் வரும். என்ன செய்வது.

அக்கரை மீனவர்களைப் பற்றி எழுதியது இங்கே சிலருக்குக் கோபத்தை உண்டாக்கியது, மறைக்க விரும்பவில்லை. அதை மைதானத்தில் பேச எங்களுக்கு இன்னும் துணிவு வரவில்லை. வலை சரிசெய்யும் இடத்தில் பேசிக்கொண்டிருக்கிறோம்.

பாம்பன் அக்காவுக்கு: பெண்பிள்ளைகள் கபடி மூன்றாம் நாள் மாலை நாலரை மணிக்கு. இதுவரை நான்கு அணிகள் பெயர் கொடுத்திருக்கின்றன. பாம்பனிலிருந்து ஓர் அணி வருவதாக எழுதிக்கொள்ளட்டுமா? ஏழு பேரும் மாற்று ஆட்கள் ஐந்து பேரும் இருந்தால் போதும். வண்டிச் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அன்று இரவே பெண்கள் கும்மியும் வைத்திருக்கிறோம். எங்கள் ஊரில் முளைக்கொட்டுப் பாட்டு முழுதாகத் தெரிந்தவர்கள் குறைவு என்பதால் நீங்களும் வந்தால் உதவியாக இருக்கும். கீழக்கரை காக்காவுக்கு (அண்ணனுக்கு): தப்ஸ் குழுவுக்குக் கடைசி நாளுக்கு முந்தைய இரவு ஒதுக்கியிருக்கிறோம், அன்றைக்கு ஆட்டம் ஏழு மணிக்குத் தொடங்கும், சாப்பாடு எங்கள் வீட்டில். கிளாரினெட் வாசிக்கும் எங்கள் பேண்டுக்காரர் தப்ஸோடு சேர்ந்து வாசித்துப் பார்க்க ஆசைப்படுகிறார்; உங்கள் பிள்ளைகளிடம் எந்தப் பாட்டு என்று முன்கூட்டியே கேட்டுச் சொன்னால் அவர் பழகிக்கொள்வார்.